கடைசி ரூமும் தொட்டிலும்

என் மூக்குக்குள் என்ன இருக்கிறது என்பது எனக்கு முன்னால் எங்கள் வார்டு சிஸ்டருக்குத் தெரிந்துவிட்டது. போர்வைகளும் படுக்கை விரிப்புகளும் அடுக்கிவைக்கும் சின்ன அறைக்குள் என்னைக் கூப்பிட்டுப்போய்க் கதவைச் சாத்தினார். வீட்டில் யாரோ தவறிவிட்ட செய்தியைச் சொல்லப்போகிறவர்போல என் கையைப் பிடித்தார். பிடித்த கையை உடனே விட்டுவிட்டார். அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

எண்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரி, ஆண்களுக்கான எலும்பு முறிவு வார்டு. நான் அங்கே நர்ஸ். நோயாளிகள் எங்களை ‘மிஸ்ஸி’ என்றுதான் கூப்பிடுவார்கள். மோட்டார் சைக்கிளில் விழுந்தவர்கள், கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தவர்கள், லோரி கவிழ்ந்து கால் நசுங்கியவர்கள் என்று கட்டில்கள் எப்போதும் நிறைந்திருக்கும். கம்பி வைத்துத் தைத்த காயம் நாளடைவில் காய்ந்துவிட வேண்டும். சிலருக்குக் காயவில்லை. தையலோரம் சிவந்து, சீழ் கட்டி, வழக்கமான ஊசிகள் எதற்கும் மசியாமல் கிடந்தது. வெளியே பலர் தோலில் சுமந்து திரிகிற கிருமியின் சாதிதான் அது. ஆனால் ஆஸ்பத்திரியிலேயே வளர்ந்து, ஆஸ்பத்திரி மருந்துகளைப் பார்த்துப் பார்த்துப் பயம் விட்டுப்போனது. எம்.ஆர்.எஸ்.ஏ. என்பார்கள். அது வந்தவரை வார்டின் கோடியிலிருந்த தனி அறைக்கு மாற்றிவிடுவோம். அதை நாங்கள் கடைசி ரூம் என்போம்.

அப்போது கடைசி ரூமில் இருந்தவர் பூச்சோங்கைச் சேர்ந்த ஒரு லோரி ஓட்டுநர். தொடை எலும்பு உடைந்து வந்தவர். வந்த புதிதில் வார்டையே சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் நடப்பதுபோலப் படுத்தபடியே நடித்துக்காட்டுவார். கடைசி ரூமுக்குப் போனபிறகு அந்தச் சத்தம் நின்றுபோனது. அந்த அறைக்குள் போக வேண்டுமென்றால் மேலங்கி, கையுறை, முகக்கவசம் எல்லாம் மாட்ட வேண்டும். காயத்தைத் துடைத்துக் கட்டுவதற்கு உள்ளே போவேன். எனக்குக் கை வேகம், அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. மற்றபடி சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேட்பதெல்லாம் வாசலில் நின்றபடிதான். உள்ளே போவதென்றால் மறுபடி அத்தனையும் மாட்ட வேண்டுமே.

ஒருநாள் அவர் மனைவி நடைவழியில் என்னை மடக்கினார். அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“மிஸ்ஸி, இவர சுங்கை பூலோவுக்கு அனுப்பிருவாங்களா?”

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்குச் சுங்கை பூலோ என்றால் ஊர் ஞாபகம் வராது, தொழுநோயாளிகளின் குடியிருப்புதான் ஞாபகம் வரும்.

“அய்யோ, அதெல்லாம் இல்லக்கா. இது வேற. காயத்துல ஒரு கிருமி. மத்தவங்க காயத்துக்குப் போயிறக் கூடாதுன்னுதான் தனியா வெச்சிருக்கோம்.”

“அப்படின்னா நீங்க ஏன் மிஸ்ஸி வாசல்லயே நின்னு பேசுறீங்க?”

வேலை இருக்கிறது என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். மாமியார் வீட்டில் அவர் வேறு கதை சொல்லிவைத்திருந்தாராம். வார்டில் மின்சாரக் காற்றாடி கெட்டுப்போய்விட்டது, அதனால் ரூம் மாற்றிவிட்டார்கள் என்று. புருஷன் காலிலிருக்கும் கிருமிக்கு ஒரு பெண் காற்றாடிமேல் பழி போடுகிறாளே என்று அன்றைக்கு எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் மற்ற நர்ஸுகளிடம் சொல்லிச் சிரித்தேன்.

கடைசி ரூமுக்குப் போக வேண்டியவர்கள் சேர்ந்துகொண்டே போனார்கள். அதனால் வார்டில் வேலை செய்கிற எல்லாருடைய மூக்கிலும் பஞ்சுக்குச்சியை விட்டுச் சோதிக்கும்படி உத்தரவு வந்தது. டாக்டர், நர்ஸ், தரை துடைப்பவர் என்று எல்லாரும் வரிசையில் நின்றோம். ஒரே சிரிப்பு. தும்மியவர்களைக் கேலி செய்ததில் நான்தான் முதல் ஆள்.

அதற்குப் பிறகுதான் அந்தத் துணி அறை. உனக்கு நோய் ஒன்றும் இல்லை, அது சும்மா மூக்கில் உட்கார்ந்திருக்கிறது, இங்கே வேலை செய்கிற யாருக்கும் வரலாம், உன் தப்பு இல்லை என்று மலாயும் ஆங்கிலமும் கலந்து சிஸ்டர் சொல்லிக்கொண்டே போனார். மூக்கில் தடவ ஒரு களிம்பு, குளிக்க ஒரு மருந்துச் சோப்பு, சோதனை சுத்தம் என்று வரும்வரை விடுப்பு. நான் ஒன்றுதான் கேட்டேன். லோரிக்காரரிடமிருந்து எனக்கு வந்ததா, என்னிடமிருந்து அவருக்குப் போனதா? அவர் காயம் சுத்தமாக இருந்த நாட்களில் அதைக் கட்டியவள் நான். சிஸ்டர் என்னைப் பார்க்காமல், மடித்துவைத்திருந்த ஒரு விரிப்பை எடுத்து மறுபடி மடித்தார்.

அதை யாராலும் சொல்ல முடியாது, நீயும் கேட்காதே என்றார்.

எங்கள் வீடு இருந்த பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பும் பஸ்ஸில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை என்று எனக்குத் தெரியும். படிப்பு வேறு, வெட்கம் வேறு. பக்கத்து இருக்கைப் பெண்மணி பாசாரில் மீன் வாங்கி வந்தவர். தன் மீன்கூடைக்காகத்தான் நான் மூக்கைப் பொத்துகிறேன் என்று நினைத்து, சங்கடத்தோடு கூடையைக் காலுக்குக் கீழே தள்ளிக்கொண்டார்.

அம்மாவிடம் சொல்லாமல் தீராது. துண்டு தனி, தலையணை உறை தனி என்று ஆனபிறகு ஒரே வீட்டில் எதை மறைப்பது? எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா முதலில் கேட்டது உடம்பைப் பற்றி அல்ல.

“யாருகிட்டயாவது சொன்னியா?”

எனக்கு அப்போது முப்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. அம்மா விடாமல் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணுக்கு வியாதி என்ற பேச்சு பிரிக்பீல்ட்ஸில் ஒரு முனையில் கிளம்பினால் மறுமுனைக்குப் போவதற்குள் அதற்குக் கையும் காலும் முளைத்துவிடும். என் துண்டை வெளிக்கொடியில் போடாமல் குளியலறைக்குள்ளேயே காயப்போட்டார். வெயிலில் போடுங்கள், அதுதான் நல்லது என்றேன். பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள் என்றார். துண்டைப் பார்த்து அவள் என்ன கேட்கப்போகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் நானும் அதை எடுத்து வெளியே போடவில்லை.

இந்த நேரம் பார்த்தா இது வர வேண்டும்! கிள்ளானில் என் தம்பி மனைவிக்குத் தலைப்பிரசவம் ஆகி, ஆண் குழந்தை பிறந்திருந்தது. முப்பதாம் நாள் அவள் தாய்வீட்டில் தொட்டில் போட்டுப் பெயர் வைப்பதாக ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு அத்தைதான் எல்லாம். அத்தை பிள்ளையை மடியில் வாங்கி, அரைஞாண் கட்டி, காதோடு வாய் வைத்துப் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் பிள்ளையை அந்தப் பெயரால் கூப்பிடலாம். கல்யாணமாகாத அத்தை எதற்கு, பிள்ளைகுட்டி பெற்ற ஒன்றுவிட்ட அத்தை ஒருத்தி இருக்கிறாளே என்று சம்பந்தியம்மா சொல்லிப்பார்த்திருக்கிறார். தம்பி மனைவி பச்சை உடம்போடு தாயுடன் மல்லுக்கு நின்றுவிட்டு, எனக்குப் போன் செய்தாள்.

“அத்தைன்னா நீங்கதான்க்கா. வேற யாரு மடியிலயும் நான் குடுக்கமாட்டேன் லா.”

போனை வைத்துவிட்டு அழுதேன். அதுவரை எத்தனையோ வீட்டு விசேஷங்களில் பின்வரிசையில் நின்று தாம்பாளம் எடுத்துக்கொடுத்திருக்கிறேன். முன்னால் வந்து உட்கார் என்று யாரும் சொன்னதில்லை. மறுநாளே கடைக்குப் போய்க் கறுப்புக் கயிற்றில் வெள்ளி மணி கோத்த அரைஞாண் வாங்கிவந்தேன். குளிக்கும்போது, அவள் சொல்லிவைத்திருந்த பெயரை மெதுவாகச் சொல்லிப்பார்த்துக்கொண்டேன். விசேஷத்துக்கு முந்திய வாரம்தான் சிஸ்டர் என்னைத் துணி அறைக்குக் கூப்பிட்டார். கிருமி இருப்பது மூக்கில். நான் செய்ய வேண்டியதோ குழந்தையின் காதோடு முகத்தை வைப்பது.

கிள்ளானுக்கு நானே போன் செய்து சொல்லிவிடுகிறேன் என்றேன். மூக்கில் களிம்பு தடவிக்கொண்டு வருவதற்குள் அம்மா முந்திக்கொண்டார். சம்பந்தியம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

“அவளால வர முடியாது சம்பந்தி. வீட்டுக்குத் தூரம்.”

மாதவிலக்குக்கு எங்கள் வீடுகளில் அதுதான் பேச்சு. அதைச் சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். கோயிலாகட்டும், கல்யாணமாகட்டும், வராமலிருக்க அதைவிடக் கௌரவமான காரணம் கிடையாது. அம்மா போனை வைத்துவிட்டு நிம்மதியாகத் தேத்தண்ணீர் கலக்கப் போனார். எனக்கும் மூச்சு வந்தது, மறுக்கமாட்டேன். ஒரு தூரத்தை இன்னொரு தூரத்தால் மூடியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம்.

மறுநாள் தம்பி போன் செய்தான்.

“அக்கா, கவலைப்படாத. நாள மாத்தியாச்சு. அடுத்த ஞாயித்துக்கிழம. சமையல்காரர்கிட்டயும் சொல்லியாச்சு.”

“எதுக்குடா மாத்துனீங்க?”

“அவ ஒத்தக்கால்ல நிக்கிறா. அக்கா தலைக்கு ஊத்திட்டு வரட்டும், அப்புறம் பேரு வெச்சா போதும்ங்கறா. எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டோம்.”

“காரணத்தயுமா சொன்னீங்க?”

“ஏன் மாத்துனீங்கன்னு கேக்கறாங்கல்ல, என்ன பண்றது?”

கிள்ளானில் பாதிப்பேருக்கு என் மாதவிலக்கு நாள் தெரிந்துவிட்டது. அதுவும் எனக்கு வராத மாதவிலக்கு. மேசைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. அம்மாவிடம் கத்தினேன். மறுபடியும் தூரம் என்று சொல்வீர்களா என்று கேட்டேன்.

“ஒரே மாசத்துல ரெண்டு தடவயா? அதுக்கு ஒரு வியாதி பேரு வெச்சிருவாங்க” என்றார் அம்மா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஒரு வாரம் கிடைத்திருக்கிறதே, அதற்குள் போய்விடும் என்று நம்பினேன். சொன்னதற்கு மேலேயே களிம்பைத் தடவினேன். தோல் உரிகிற அளவுக்கு மருந்துச் சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். மறுபடி சோதனைக்குப் போய்வந்தேன். சனிக்கிழமை சிஸ்டர் போனில் கூப்பிட்டார். இன்னும் இருக்கிறது, வருத்தப்படாதே என்றார்.

அன்று சாயங்காலம் அம்மா சமையலறையில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஒரு நிமிஷ வேலதானே. மூச்ச அடக்கிக்கிட்டுச் சொல்லிட்டு வந்துரு. யாருக்குத் தெரியப்போவுது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு நர்ஸிடம் சொல்லுகிற யோசனையா இது! அம்மா சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அந்த ஒரு நிமிடத்தை எனக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அவருக்கும் அத்தனை ஆசை. முடியாதும்மா என்றேன். கிள்ளான் வீட்டில் போன் இருப்பது நடுக்கூடத்தில், வீடு நிறைய ஆட்கள். அதனால் நேரில் போய்த் தம்பி மனைவியிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன்.

ஞாயிறு காலை நானும் அம்மாவும் பஸ் ஏறிக் கிள்ளானுக்குப் போனோம். அரைஞாண் கைப்பையில் இருந்தது. யாராவது கட்டட்டும் என்று எடுத்துவந்திருந்தேன். வாசலில் பந்தல், பெரிய கோலம், உள்ளே பூச்சுற்றிய தொட்டில். தனியாகச் சொல்வதாவது! நான் செருப்பைக் கழற்றுவதற்குள் தம்பி மனைவி குழந்தையோடு வாசலுக்கே வந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. அவளுக்குப் பின்னால் சம்பந்தியம்மாவும் இன்னும் சில பெண்களும்.

“இந்தாங்கக்கா, உங்க மருமகன்” என்று நீட்டினாள்.

நான் பின்னால் நகர்ந்தேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“வேணாம்மா. கிட்ட வராத.”

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. பிள்ளையில்லாதவள் பொறாமைப்படுகிறாள் என்று நினைத்தாளா, எங்கள் வீட்டில் ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்தாளா, தெரியவில்லை. இனிமேல் மறைக்க இடமில்லை. அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்.

“ஆஸ்பத்திரில ஒரு கிருமி. புண்ணு உள்ளவங்களுக்குப் போனா லேசுல ஆறாது. என் மூக்குல இருக்குன்னு டெஸ்ட்ல வந்திருக்கு. எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா பாப்பா பச்சப்பிள்ள. நான் தொடக்கூடாது.”

ஒரு பெண், “அப்போ தூரம்னு சொன்னது?” என்று கேட்டாள். அம்மா கோலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா அப்படித் தலைகுனிந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கிருமியைவிட அதுதான் என்னைத் தின்றது.

தம்பி மனைவி முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடினாள். இரண்டெட்டு பின்னால் போனாள். நான் அவளிடம் என்ன செய்யச் சொல்லியிருப்பேனோ அதைத்தான் செய்தாள். ஒரு நல்ல தாய் அப்படித்தான் செய்ய வேண்டும். இருந்தும் அந்த நொடியில் எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

யாரும் என்னைத் திட்டவில்லை. பந்தலின் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வந்தது, எனக்கு பிளாஸ்டிக் குவளையில் வந்தது. என்னிடம் ஓடிவந்த ஒரு சின்னப் பெண்ணை அவள் தாய் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். உள்ளே மணிச்சத்தம் கேட்டது. பெயர் எனக்குக் கேட்கவில்லை. காதோடு சொல்லுகிற பெயர் வெளியே கேட்காது. ஒன்றுவிட்ட அத்தைதான் சொன்னாராம். என் அரைஞாண் கைப்பையிலேயே கிடந்தது. அதை யாரும் கேட்கவுமில்லை, கொடுக்க எனக்கு வாயும் வரவில்லை.

சம்பந்தியம்மா எனக்கு இலைச் சாப்பாட்டைத் தனியாகக் கொண்டுவந்து பக்கத்து ஸ்டூலில் வைத்தார். வைத்த கையோடு வாசற்படிக்குப் போய் நின்றுகொண்டார்.

“சாப்பிடும்மா. ரசம் போதுமா? பாயசம் கொண்டுவரவா?”

அன்பான மனுஷி, என் பசிமேல் அவருக்கு உண்மையான அக்கறை. ஆனால் அதன்பிறகு வாசலைத் தாண்டி ஓர் அடி வைக்கவில்லை. போதும் ஆன்டி என்றேன். லோரிக்காரரின் மனைவி நடைவழியில் என்னிடம் கேட்டது அப்போது காதில் விழுந்தது. காற்றாடிக் கதையைச் சொல்லிச் சிரித்ததும் நினைவுக்கு வந்தது. சம்பந்தியம்மா பார்த்துக்கொண்டிருந்ததால் சோற்றை விழுங்கினேன்.

சோதனைகள் சுத்தம் என்று வர இன்னும் சில வாரம் பிடித்தது. அதற்குப் பிறகு வேலைக்குத் திரும்பினேன். லோரிக்காரர் இன்னும் கடைசி ரூமில்தான் இருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். காயத்தைக் கட்டி முடித்ததும் கிளம்பாமல் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

“மிஸ்ஸி, உங்களுக்கும் இது வந்துச்சாமே. அட்டெண்டன் சொன்னான். என்கிட்டருந்துதானே வந்திருக்கும்? மன்னிச்சுக்குங்க மிஸ்ஸி.”

முகக்கவசம் இருந்தது நல்லதாகப்போயிற்று.

“அப்படிச் சொல்லாதீங்கண்ணே. என்கிட்டருந்து உங்களுக்கு வந்திருக்கவும் வாய்ப்பு இருக்கு. யாராலயும் சொல்ல முடியாது. நான்தான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்.”

அவர் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். மறுநாள் அவர் மனைவி சிஸ்டரிடம், காயம் கட்ட வேறு மிஸ்ஸியை அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். சிஸ்டர் என்னிடம் அதைச் சொல்லத் தயங்கினார். பரவாயில்லை என்றேன். அவர் கால் பிழைத்தது. கொஞ்சம் நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போன அன்று நான் வார்டின் மறுகோடியில் இருந்தேன். வந்து விடைபெறவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

அதற்கடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவி குழந்தையோடு பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தாள். உள்ளே வந்து உட்கார்ந்ததும் நேராகக் கேட்டாள்.

“என்கிட்டயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்லக்கா. நான் என்ன வேத்து மனுஷியா?”

“வெக்கமா இருந்துச்சும்மா.”

“கிருமிக்கு எதுக்குக்கா வெக்கம்?”

அதையேதான் நானும் நோயாளிகளிடம் நாள் தவறாமல் சொல்வேன். அவள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே, அன்றைக்குத் தான் பின்னால் போனதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றாள். பிறகு குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

“அன்னிக்கு அந்த அத்த சொன்னது கணக்கில்லக்கா. நீங்க சொல்லுங்க. இப்பத்தான் இவனுக்குப் பேரு.”

அம்மா அலமாரியிலிருந்து அரைஞாணை எடுத்துவந்தார். பிள்ளை இதற்குள் கொழுகொழுவென்று ஆகியிருந்தான். வாங்கிய கயிறு இடுப்புக்குப் பற்றுமோ என்று பயந்தேன், பற்றியது. வெள்ளி மணி அவன் தொடைமேல் கிடந்து மினுங்கியது. என் விரலைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனான். பதறிப்போய் விரலை உருவிக்கொண்டேன். தம்பி மனைவி பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள்.

சோதனை முடிவுகள் எல்லாம் சுத்தம் என்று வந்திருந்தன. சிஸ்டரே கையெழுத்துப் போட்டு வேலைக்கு அனுப்பியிருந்தார். அவர்கள் வருகிறார்கள் என்றதுமே கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவியிருந்தேன். குனிந்தேன். பால்வாசனை அடிக்கும் அந்தச் சின்னக் காதோடு வாயை வைத்தேன். பெயரை மூன்று முறை சொன்னேன், மூச்சை அடக்கிக்கொண்டு.